பூக்கட்டிப் பார்த்து வந்த கொம்பியூட்டர்

என் மூத்தவன் போன கிழமை கைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். அதில் இரண்டு படங்கள். ஒன்று, கடையில் எல்லாம் பொருத்திப் பூட்டியே விற்கிற கேம் கொம்பியூட்டர். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிகிறது. மற்றது தனித்தனிச் சாமான்களின் பட்டியல். அவற்றை வாங்கிவந்து நாமே பூட்ட வேண்டுமாம். எது நல்லது என்று வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு. கட்டாரில் இருக்கிற அவனுடைய அப்பாவிடம் கேட்டால், "அம்மா சொல்றத செய்" என்று அவர் தப்பித்துக்கொள்கிறார்.

"அம்மாவுக்கு இதெல்லாம் வெளங்காது" என்றான் மகன்.

ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள் நான். அவன் சொல்லும் பெயர்களில் பாதி என் வாயில் நுழைவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் இதே கேள்விக்காகப் பத்து வயதில் மாரியம்மன் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றவள் நான். அதை அவனிடம் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

அப்போது நாங்கள் மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகிற ரோட்டோரம் குடியிருந்தோம். அப்பா த்ரீவீல் ஓட்டினார். அண்ணன் ஓ.எல். எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருந்தான். சும்மா இருந்தான் என்று சொன்னால் பிழை. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மணிக்கணக்குக்குக் கேம் அடிக்க விடுகிற கடை ஒன்று இருந்தது. காலையில் அங்கே போய்க் குந்தினால் பொழுது சாயும்போதுதான் வருவான். கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்டதுபோல இருக்கும். அந்தக் கடையில் சிகரெட் குடிக்கிற பையன்களும் வருகிறார்கள் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா போட்டிருந்த சீட்டு விழுந்தது. "நம்ம வீட்டுலயே ஒண்ணு வாங்கி வைப்போம்ங்க. புள்ள கண்ணு முன்னுக்கு இருப்பான்" என்றார் அம்மா. அப்பா ஒத்துக்கொண்டார். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று நினைத்தோம். சண்டை அங்கேதான் தொடங்கியது.

அப்பா டவுனில் ஒரு கடையில் செட் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு வந்திருந்தார். "கேமுக்குன்னே வந்த செட்டு. முன்னுக்கு செவப்பு லைட்டு எரியுது. கம்பெனில பூட்டி, சீல் வச்சு, ரெண்டு வருஷம் வாரண்டி. ஏதும் ஒடஞ்சா தூக்கிட்டுப் போய் அவன் மேசையில வச்சிட்டு வருவேன்."

அண்ணன் தலையில் கை வைத்தான். "அப்பா, அதுல லைட்டு மட்டுந்தான் கேமுக்கு. உள்ளுக்கு வீஜீஏ கார்டே இல்ல."

"அது என்னாடா?"

"படத்த ஓட்டுற கார்டு. அது இல்லாட்டி கார் ரேஸ் போட்டா கார் மாட்டு வண்டி மாதிரிப் போகும்."

"மெதுவா போனா நல்லதுதானே. எங்கயும் மோதாது."

நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. சாமான்களைத் தனித்தனியாக நல்லதாகப் பார்த்து வாங்கிப் பூட்டினால், அதே காசுக்கு இரண்டு மடங்கு வேகமான கொம்பியூட்டர் கிடைக்கும் என்று விரல் விட்டுச் சொன்னான். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு பூட்டுறது?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அடுப்பு எரிந்த குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா" என்றான் அண்ணன் மெதுவாக.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. கண்டியில் டீவியும் கொம்பியூட்டரும் திருத்துகிற கடையில் வேலை செய்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், "மச்சான், எஞ்சின் சத்தம் சரியில்ல, நான் பாக்குறேன்" என்று அப்பாவின் த்ரீவீலைக் கழற்றினார். பூட்டி முடித்தபோது இரண்டு நட்டு மிச்சம். "இது தேவையில்லாத நட்டு மச்சான்" என்று சொன்னாராம். அடுத்த நாள் அப்பா கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டன் மலைக்கு ஹயர் போனார். பாதி ஏற்றத்தில் வண்டி செத்துவிட்டது. மழையும் பனிமூட்டமும். முன்னால் நிற்கிற ஆள் தெரியாத மூட்டம். குழந்தை குளிரில் நீலம் பாரிக்கத் தொடங்கியதாம். தேயிலை லொறி ஒன்று வந்து அவர்களை ஏற்றும்வரை, அப்பா தன்னுடைய சட்டையைக் கழற்றி அந்தக் குழந்தையைச் சுற்றி வைத்துக்கொண்டு வெற்று மேலோடு ரோட்டில் நின்றார். அன்றிரவு வீட்டுக்கு வந்து மாமாவைப் பார்த்துச் சொன்ன சொல் எனக்கு இப்போதும் கேட்கிறது.

"இனி என் வாசல மிதிக்காத."

மாமா மிதிக்கவில்லை. வருஷா வருஷம் மாத்தளைத் தேருக்கு வந்து என்னைத் தோளில் தூக்கி வைத்து அம்மனைக் காட்டுகிறவர், இரண்டு தேருக்கு வரவில்லை. அம்மா மட்டும் தேர் அன்றைக்குக் கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டே நிற்பார்.

ஆகவே, கடையில் வாங்கினால் மாமா இல்லை. பூட்டுவதென்றால் மாமா இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும். அப்பாவுக்கும் அது விளங்காமல் இல்லை.

"கொம்பியூட்டர் பேர சொல்லி உன் தம்பிய உள்ளுக்குக் கொண்டு வரப் பாக்குறியா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"வந்தா என்னாங்க, வீடு இடிஞ்சிருமா?"

"அவனுக்குக் கழட்ட மட்டுந்தான் தெரியும்."

"என்னைக்கா இருந்தாலும் அவன் வந்துதான் ஆகணும்ங்க."

"என்னாத்துக்கு?"

அம்மா அந்த நேரம் என்னைப் பார்த்தார். நான் பாயில் குப்புறப் படுத்துக் கொப்பியில் கார் வரைந்துகொண்டிருந்தேன். ஏன் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். "ஒண்ணுமில்ல" என்றுவிட்டு அம்மா எழும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், வீட்டில் மூச்சுவிடுகிற சத்தம் மட்டுந்தான். அப்பா அண்ணனோடு பேசவில்லை. அண்ணன் அப்பாவோடு பேசவில்லை. பீங்கான் வைக்கிற சத்தத்திலேயே அம்மா யார் மேல் கோபமாக இருக்கிறார் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். சனிக்கிழமை போய் அந்தச் சிவப்பு லைட்டு செட்டை ஏற்றிக்கொண்டு வரப்போவதாக அப்பா அறிவித்தார். புதன்கிழமை அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

"நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். தாய்கிட்டயே கேட்டுருவோம். வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாப்போம்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். கலியாணமோ, காணி வாங்குவதோ, மனதுக்கு முடிவு தெரியாத எந்தக் காரியமானாலும், ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலமாகக் கட்டி அம்மன் பாதத்தில் வைப்பார்கள். வயதுக்கு வராத பிள்ளை ஒன்று கண்ணை மூடி ஒன்றை எடுக்கும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் அம்மனுடைய வாக்கு. கொம்பியூட்டருக்காக யாரும் பூக்கட்டிப் பார்த்ததாக நான் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்பட்டதில்லை.

அப்பா கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்தார். மாரியம்மன் பேரைச் சொல்லிவிட்டால் எதிர்ப்பேச்சுப் பேசுகிற மனிதர் அல்ல அவர். த்ரீவீலின் முன்கண்ணாடியில் அவள் படத்துக்குப் பூ வைக்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

"சரி. செவப்பு வந்தா கடை. வெள்ளை வந்தா பூட்டுறது. பூவ நீயே கட்டு. பொறகு அவரு கட்டினாரு, இவரு கட்டினாருன்னு குத்தம் சொல்லக் கூடாது."

"நானே கட்டுறேன்" என்றார் அம்மா.

எடுக்கிற பிள்ளை நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை பின்னேரம் தண்ணீர்க் குழாயடியில் அண்ணன் என்னை மடக்கினான். "பாப்பா, நல்லாக் கேளு. அம்மா வெள்ளைக்கு மல்லிகை, செவப்புக்கு அரளி வைக்கப் போறாங்க. மல்லிகை மணக்கும். அரளி மணக்காது. விழுந்து கும்புடுற மாதிரிக் குனிஞ்சு மோந்து பாரு. மணக்கிறத எடு."

"அம்மன் பாத்துக்கிட்டு இருப்பாளே?"

"அம்மன் என்னா உன் மூக்கையா பாத்துக்கிட்டு இருப்பா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கார் ரேஸ்ல மொத ஆட்டம் உனக்கு. சத்தியமா" என்றான்.

அந்த முதல் ஆட்டத்துக்காக நான் ஒப்புக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அன்றிரவு நித்திரை வரவில்லை. அம்மனை ஏமாற்றினால் அம்மை போடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். விடிந்ததும் முகத்தைத் தடவிப் பார்த்தேன். கொப்புளம் ஒன்றும் இல்லை. இன்னும் ஏமாற்றவில்லையே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு தட்டில் ஒரு பிடி மல்லிகையையும் நாலு செவ்வரளியையும் எடுத்து வைத்தார். பிறகு வாழையிலைத் துண்டுகளோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டுகிறதை எடுக்கிற பிள்ளை பார்க்கக் கூடாது அல்லவா? வெளியே வந்தபோது தட்டில் ஒரே அளவில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்துத் தன் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

ரோட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் தகரக்கூரை போட்ட சின்னக் கோயில் அது. பூசாரி பொட்டலங்களை அம்மன் பாதத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அப்பா கண்ணை இறுக மூடிக் கைகூப்பி நின்றார். அம்மா கைகூப்பவில்லை. முந்தானை நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கும்புட்டுட்டு எடும்மா. கண்ணத் தொறக்காத" என்றார் பூசாரி.

நான் கண்ணை மூடிக் குனிந்தேன். நெற்றி தரையில் படுகிற மாதிரி, மூக்கை முதல் பொட்டலத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். மல்லிகை. அப்பாடா என்று இருந்தது. கையை நீட்டப் போனவள், எதற்கும் நிச்சயமாகத் தெரியட்டும் என்று மற்றதையும் முகர்ந்தேன்.

அதுவும் மல்லிகை மணந்தது.

திரும்ப முதலாவதை முகர்ந்தேன். மல்லிகை. இரண்டாவது. மல்லிகை. அம்மாவின் கைவாசம் இரண்டிலும் ஒட்டிவிட்டதா? அல்லது நான் களவு செய்வதைப் பார்த்து அம்மன் என் மூக்கைக் கெடுத்துவிட்டாளா?

"என்னாம்மா, நித்திரையா?" என்றார் பூசாரி.

பின்னால் அண்ணன் கனைத்தான். அப்பாவின் மூச்சுக் கேட்டது. இனி முகர முடியாது. தாயே, என்னை மன்னிச்சிரு, எனக்கு முதல் ஆட்டம் வேணாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கைக்குப் பட்டதை எடுத்தேன்.

பூசாரி நாரை அறுத்து இலையை விரித்தார். வெள்ளை.

அண்ணன் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அம்மா சட்டென்று குனிந்து பாதத்தில் இருந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்பா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். 

"அவ சொல்லிட்டா. வரட்டும்" என்றார். "ஆனா ஒண்ணு. பூட்டி அது எரியலைன்னா, வந்த வாசலாலயே போயிரணும். அதுக்குப் பொறகு நல்லதோ கெட்டதோ, எந்தக் காரியத்துக்கும் இந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது. இதுவும் அவ முன்னுக்குத்தான் சொல்றேன்."

அம்மாவின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்டேன். "எந்தக் காரியத்துக்குமா?" என்று மட்டும் கேட்டார். அப்பா அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பின்வாசல் படியில் நாலு செவ்வரளி கிடந்தது. வடிவாக இருந்ததால் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தேன். அம்மா கண்டவுடன் பிடுங்கி, கிடந்த மற்றப் பூக்களையும் பொறுக்கிச் சாம்பல் கிடங்கில் போட்டார். "அரளிய தலையில வைக்கிறதா? வெசம்டி!" என்று ஏசினார். விஷம்தான், அதனால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அண்ணன் கொமியூனிகேஷன் என்கிற போன் கடைக்கு ஓடிப்போய்க் கண்டிக்குப் போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை பகல் கண்டி பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். ஒரு பிஸ்கட் பெட்டி, ஒரு அரிசிப் பை, தலையணை உறையில் சுற்றிய ஏதோ ஒன்று. இவ்வளவும் சேர்ந்தால் கொம்பியூட்டராம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். மழை தூறியது. அப்பா உள்ளே கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்தடி தூரம்.

"பாப்பா, வந்தவங்கள உள்ளுக்கு வரச் சொல்லு" என்றார் அப்பா.

"மாமா, உள்ளுக்கு வரச் சொன்னாங்க" என்றேன்.

"மருமகளே, எவ்ளோ வளந்துட்ட!" என்று மாமா உள்ளே காலை வைத்தார். குசினியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னுக்கு எரியணும்னு சொல்லு" என்றார் அப்பா.

"நாலரைக்கு முன்னுக்கு எரியணுமாம் மாமா."

"மூணரைக்கே எரியும்னு சொல்லு மருமகளே."

"பெரிய வாய்தான்னு சொல்லு" என்றார் அப்பா. அதை நான் சொல்லவில்லை.

மாமா பாயை விரித்துச் சாமான்களைப் பரப்பினார். பச்சைத் தகட்டில் சின்னச் சதுரத்தை வைத்து, அதன்மேல் பற்பசை மாதிரி எதையோ கடுகளவு தடவினார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எண்ணி ஒரு கோப்பைத் தட்டில் போட்டார், பூட்டும்போதும் எண்ணினார். அப்பா கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனை மிச்சம் வருகிறது என்று. சோறு சாப்பிட அம்மா கூப்பிட்டும் மாமா எழும்பவில்லை. கழுத்தில் வேர்வை ஓடியது. கடைசியில் அண்ணன் கோயில் பிரசாதத்தை ஏந்துகிற மாதிரி வீஜீஏ கார்டை இரண்டு கையிலும் எடுத்துக் கொடுத்தான். தட்டில் ஒரு ஸ்க்ரூவும் மிச்சமில்லை.

மணி நாலே கால். மாமா சுவிட்சைத் தட்டினார்.

உள்ளே காற்றாடி சுற்றியது. பச்சை லைட்டு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"கொஞ்சம் இருங்க" என்று மாமா யாரிடமோ சொன்னார். அணைத்துத் திரும்பப் போட்டார். கறுப்பு. ரேமைக் கழற்றி ஊதிப் பூட்டினார். கறுப்பு. அண்ணனின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்பா சுவர் மணிக்கூட்டை ஒரு தரம் பார்த்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. இது என் மூக்கு செய்த பாவம். அம்மன் அன்றைக்கு விட்டுப் பிடித்திருக்கிறாள். நான் சாமிப் படங்கள் வைத்திருந்த சுவர்த்தட்டுக்கு ஓடிப்போய், மாரியம்மன் படத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தாயே, மாமாவ அனுப்பிறாத, நான்தான் மோந்து பாத்தேன்" என்று அழுதேன். படம் ஆடியது. பின்னாலிருந்து ஒரு இலைப் பொட்டலம் விழுந்தது. கோயிலில் அம்மா இடுப்பில் செருகிய, நார்க்கட்டு அவிழாத அந்த மற்றப் பொட்டலம்.

அரளியைப் பார்த்தாவது என் மூக்கு சரியா பிழையா என்று தெரிந்துகொள்ளலாமே. அவிழ்த்தேன்.

உள்ளே இருந்தது மல்லிகை. வாடிப் பழுப்பேறிய மல்லிகை. அரளி இல்லை.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. சிவப்புப் பூவை அம்மன் வெள்ளையாக மாற்றியிருக்கிறாள்! நான் எதை எடுத்தாலும் வெள்ளை வரட்டும் என்று, நான் களவெடுக்கத் தேவையில்லாதபடி, தானே மாற்றியிருக்கிறாள். இலையைக் கையில் ஏந்திக்கொண்டு குசினிக்கு ஓடினேன். அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தி முழங்காலில் தலையை வைத்திருந்தார்.

"அம்மா, பாருங்க, அம்மன் பூவ மாத்திட்டா!"

அம்மா நிமிர்ந்து என் உள்ளங்கையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இதுவரை யாரிடமும் கண்டதில்லை. சட்டென்று என் விரல்களை மடக்கிப் பூவோடு சேர்த்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத. ஒங்க அப்பாகிட்ட சொல்லவே சொல்லாத." அவருடைய கை அடுப்புக்கிட்ட இருந்தும் சில்லிட்டிருந்தது.

அப்போது உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

"பாப்பா, உங்க மாமாகிட்ட கேளு, இதே மாதிரி ஓட்டை கீழயும் ஒண்ணு இருக்குதே, அது என்னாத்துக்குன்னு."

நான் அங்கே இல்லை. கேட்டுச் சொல்ல ஆளில்லை. ஒரு நிமிஷம் போனது. அம்மாவின் பிடி இறுகியது.

"டேய்" என்றார் அப்பா. "இங்க பாருடா. திரையோட வயரு மேல குத்தியிருக்கு. நீ இப்ப புதுசாப் போட்ட கார்டுலயும் அதே ஓட்டை இருக்குதே. இங்க குத்தினா என்னா?"

தலையில் அடித்துக்கொள்கிற சத்தம். "ஐயோ மச்சான்! கார்டப் போட்டுட்டு வயரப் பழைய ஓட்டையில குத்தியிருக்கேன். பயத்துல கண்ணு தெரியல மச்சான்."

"நானும் அம்பது வயரப் பாத்தவன்டா. ஒரு வயரு எங்க போகுதுன்னு பாக்கணும்."

டிங் என்று ஒரு சத்தம். அண்ணன் கூவினான். நாங்கள் ஓடிப் போனபோது திரையில் வெளிச்சம் இருந்தது. மணி நாலு இருபத்தெட்டு. மாமா பாயில் குந்தியபடியே முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை. அப்பா கதிரையிலிருந்து எழும்பி, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"சாப்ட்டியா?"

"இல்ல மச்சான்."

"இந்தா, இவனுக்கு சோத்தப் போடு. காலையில இருந்து பட்டினி கெடக்கான்."

அன்று கார் ரேஸில் முதல் ஆட்டம் எனக்குத்தான். அம்மனிடம் வேண்டாம் என்று சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவளும் காட்டிக்கொடுக்கவில்லை.

அண்ணன் அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போகவில்லை. மாமா மாதத்துக்கு ஒரு தரமாவது வருவார், காற்றாடியில் தூசு தட்ட வேண்டும் என்ற சாட்டோடு. அந்தக் கொம்பியூட்டர் ஆறு வருஷம் ஓடியது. அப்பா வருகிறவர்களுக்கெல்லாம், "மச்சான் பூட்டினாரு, நான்தான் எரிய வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மன் பூவை மாற்றிய கதையை வெகுகாலம் நான் நெஞ்சுக்குள் வைத்துக் கும்பிட்டேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்து, ஒரு நாள் நான் பூக்கட்ட மல்லிகையையும் அரளியையும் தட்டில் எடுத்து வைத்தபோதுதான், பின்வாசல் படியில் கிடந்த அந்த நாலு அரளியும் நினைவுக்கு வந்தது. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். பூவை மாற்றியது மாரியம்மன்தான். எந்தக் கையைக் கொண்டு மாற்றினாள் என்பது அவளுக்கும் அந்தக் கைக்கும் இடையில் உள்ளது.

அந்தக் கொம்பியூட்டர் வந்து எட்டு மாதத்தில் நான் பெரியபிள்ளையானேன். தாய்மாமன் வந்துதான் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும், தாய்மாமன் சீர்தான் முதல் சீர். கண்டியிலிருந்து மாமா விடியற்காலையிலேயே வந்து இறங்கினார். ஏழு தட்டுச் சீர். ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வாசலில் அவர் நிற்க, அப்பா ஓடிப்போய், "வா மச்சான்" என்று முதல் தட்டைத் தன் கையால் வாங்கினார். பிறகு இருவரும் சேர்ந்து முற்றத்து மூலையில் குடிசை கட்டினார்கள். மாமா முடிச்சுப் போட, அப்பா கம்பைப் பிடித்துக்கொண்டு, "இறுக்கிக் கட்டுடா, மிச்சம் வைக்காத" என்று பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்.

என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். பதினாறு நாளைக்கு எதையும் தொடக் கூடாது என்றார்கள். அம்மா ஓலையை விலக்கிக்கொண்டு வந்து, என் தலையில் ஒரு பந்து மல்லிகையை வைத்து, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அப்படி ஒரு அழுகை. நானும் அழுதேன். வீட்டுக்குள் அண்ணன் கார் ரேஸ் போட்டிருந்தான். சத்தம் கேட்டது. என்னுடைய ரெக்கோர்டை அவன் முறியடித்துவிடுவானே என்றுதான் நான் அழுதேன். அம்மா எதற்கு அழுகிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.